கன்றைத் தின்ற மாடு

பாலக்கரையில் பால் ஊற்றிப் பிழைத்த குடும்பங்கள் அந்த நாளில் நிறைய இருந்தன. ஆனால் சகாயம்மாள் வீட்டுச் செவலைப் பசுவைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்தத் தெரு வேறு எந்த மாட்டைப் பற்றியும் பேசியதில்லை. பேச்சு பாலைப் பற்றியதாக இருந்தால் பரவாயில்லை. அதுதான் இல்லை.

பசு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. அம்மா மண்டபம் சாலையில் ஓர் ஐயங்கார் வீட்டில் பிறந்து, கொள்ளிடக் கரையில் பச்சைப் புல்லும் வீட்டில் அகத்திக்கீரையும் வாழைப்பட்டையுமாகத் தின்று வளர்ந்த கலப்பின மாடு. மகனோடு பம்பாய்க்குப் போய்விடுவதென்று முடிவான பிறகு அந்த வீட்டு மாமி அதை விற்றார். அங்கே அதற்கு ரங்கநாயகி என்று பெயர். கயிற்றைக் கையில் கொடுக்கும்போது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள் என்று மாமி ஒருமுறைக்கு இருமுறை சொல்லி அனுப்பினார். சகாயம்மாளின் மாமியார் அற்புதம்மாளுக்கு அது ஒப்பவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் வீட்டில் ஸ்ரீரங்கத்துத் தாயார் பெயரைச் சொல்லி மாட்டைக் கூப்பிடுவதாவது, மாட்டுக்கு மாடு என்ற பெயர் போதும் என்று சொல்லிவிட்டாள். சகாயம்மாள் நடுவழி ஒன்று கண்டுபிடித்தாள். ரங்கி என்று கூப்பிட்டாள். மாடு திரும்பிப் பார்த்தது.

சகாயம்மாளின் கணவர் அமிர்தசாமி காந்தி மார்க்கெட்டில் ஓர் அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. கோபம் வராத மனிதர் என்று தெருவில் நல்ல பெயர். கோபம் மட்டுமா, அவருக்கு வீட்டுக்குள் எதுவுமே வராது. தாயார் பேசும்போது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார், மனைவி அழும்போது அதே சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போவார். நல்லவர்தான். அந்த மாதிரி நல்லவர்களால் ஒரு வீட்டில் எவ்வளவு கெடுதல் நடக்க முடியும் என்பதற்கு எல்லையே கிடையாது.

எழுபத்து மூன்றாம் வருஷம் சகாயம்மாள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஐந்தாம் மாதம் அவளுக்கு மண்மேல் ஆசை வந்தது. கொல்லைப்புறத்து மண்சுவரில் தண்ணீர் தெளித்து, அந்த வாசனை எழும்பியதும் நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள். சுவர் போதாமல் அடுப்புச் சாம்பலுக்கு வந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியாத வெட்கம். முனிசிபல் ஆஸ்பத்திரி நர்ஸ் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தமே இல்லையே என்று ஒரு காகித உறை நிறைய இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாள். அந்த மாத்திரையைத் தின்றால் பிள்ளை கருப்பாகப் பிறக்கும் என்று அற்புதம்மாள் சொன்னாள். சகாயம்மாளும் எதிர்த்துப் பேசவில்லை. அவளே மாநிறத்துக்கு ஒரு படி கீழே. அந்த நிறத்துக்காகப் பெண் பார்க்க வந்த இடங்களில் பட்டதெல்லாம் மறக்குமா? தலைப்பிள்ளையாவது சிவப்பாக இருக்கட்டுமே என்று அவளுக்கும் ஆசை. மாத்திரைகள் அலமாரியிலேயே கிடந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின.

எட்டாம் மாதம் ஆண்பிள்ளை பிறந்தது. அழவில்லை. அற்புதம்மாள் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற பெண்களிடம் ஒரே வாக்கியம் சொன்னாள்.

"மண்ணைத் தின்னு புள்ளையைத் தின்னுட்டா."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த வாக்கியம் தெருவை விட்டுப் போகவேயில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் சிலுவை இல்லாமல் புதைத்தார்கள். பிறகு அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை. உண்டாகாததையும் அந்த வாக்கியத்தின் கணக்கிலேயே சேர்த்தார்கள்.

சகாயம்மாள் மண் தின்பதை அன்றோடு விட்டாள். மண் அவளை விடவில்லை. சாதத்தை வாயில் வைத்தால் பல்லுக்கிடையே மணல் நெரிபடும். துப்பிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. வாய் கொப்பளித்து, பல்லை விரலால் துடைத்துவிட்டு மறுபடி மென்றால் மறுபடி அதே நறநற. ஞாயிறு பூசையில் நற்கருணை நாவில் கரையும்போதுதான் மிகவும் மோசம். ஆண்டவரைப் பல்லில் படாமல் விழுங்க வேண்டும் என்று சிறு வயதில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவளோ கண்ணை மூடிக்கொண்டு, மணலோடு சேர்த்து எதை விழுங்குகிறோம் என்ற பயத்தில் வியர்த்துப்போவாள். நாளடைவில் நற்கருணைப் பந்திக்குப் போவதையே நிறுத்தினாள். அதையும் தெரு கவனித்தது.

ரங்கி வீட்டுக்கு வந்த பிறகுதான் சகாயம்மாளுக்குப் பேச ஓர் ஆள் கிடைத்தது. எண்பத்தொன்றில் ரங்கி பாலக்கரையில் முதல் கன்று போட்டது. காளைக்கன்று. கழிச்சல் கண்டு பத்தே நாளில் செத்தது. கன்று போனதும் ரங்கி பாலை அடக்கிக்கொண்டது. மடி கல்லாய் இறுகிக் கிடக்கிறது, காம்பில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும். கன்று செத்த மாட்டுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. அமிர்தசாமி தோல்காரரைக் கூட்டி வந்தார். அவர் கன்றின் தோலை உரித்து, உப்புத் தடவிக் காயவைத்து, உள்ளே வைக்கோல் திணித்துத் தைத்து, நாலு மூங்கில் குச்சியைக் கால்களாகச் செருகிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வைக்கோல் கன்றை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதும் ரங்கி அதை மோந்து பார்த்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. கழுத்திலிருந்து வால்வரை, வாலிலிருந்து கழுத்துவரை. மடி தளர்ந்து பால் இறங்கியது. குத்தவைத்துக் கறந்துகொண்டிருந்த சகாயம்மாளால் அந்தக் கன்றின் கண்கள் இருந்த ஓட்டைகளைப் பார்க்க முடியவில்லை. கறந்து முடித்ததும் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவாள். ஆனாலும் அவளுக்குள் ஒரு பொறாமை இருந்தது. மாட்டுக்குக்கூட ஏமாந்துபோக ஒரு தோலைக் கொடுக்கிறார்கள், தனக்குப் பிள்ளையைச் சுற்றிய அந்தத் துணியைக்கூடக் கையில் கொடுக்கவில்லையே என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாலைந்து வாரம் போனது. ரங்கி சுவரை நக்கத் தொடங்கியது. தெருவில் அவிழ்த்துவிட்டால் சினிமா போஸ்டரைக் கிழித்துத் தின்றது. திருச்சியில் போஸ்டர் தின்னாத மாடு ஏது என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொடியில் காய்ந்த அற்புதம்மாளின் சேலையில் ஒரு முழம் போனது. அமிர்தசாமியின் செருப்பு ஒன்று காணாமல்போய், வார் மட்டும் தொழுவத்தில் கிடந்தது. செவலை நிறம் வெளுத்து, மயிர் தேங்காய் நார்போல் சொரசொரத்தது. கண்ணைச் சுற்றி வட்டமாக வெள்ளை விழுந்தது. மாடு கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறது என்று அற்புதம்மாள் கேலி செய்தாள். சகாயம்மாளும் சிரித்தாள்.

ஒருநாள் விடியற்காலை அவள் சொம்போடு தொழுவத்துக்குப் போனாள். விளக்கைப் போடுவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. நறநற என்று, அதே சத்தம். முதலில் தன் வாயைத்தான் தொட்டுப் பார்த்தாள். பல் அசையவில்லை. விளக்கைப் போட்டாள்.

வைக்கோல் கன்றின் ஒரு பக்க முகம் இல்லை. ஒரு காதும் கழுத்துத் தோலும் ரங்கியின் வாயில் இருந்தன. தரையெல்லாம் வைக்கோல் இறைந்து கிடந்தது. ரங்கி மென்றுகொண்டே அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் வெறி எதுவும் இல்லை. எத்தனை தின்றாலும் தீராத ஒன்றைத் தேடுகிற பார்வை. சகாயம்மாளுக்கு அது தெரிந்த பார்வை. கொல்லைச் சுவரோரம் அந்தப் பசியோடு நின்றவள் அவள்தான். அங்கேயே சாணத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பின்னால் வந்த அற்புதம்மாள் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கடைகள் திறப்பதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வாடிக்கை வீடுகள் ஒவ்வொன்றாகப் பாலை நிறுத்தின. பக்கத்து வீட்டுக் கமருன்னிசா கடைசிவரை தாக்குப்பிடித்தாள். அவளும் ஒருநாள் தயங்கித் தயங்கி வந்து, குழந்தைக்குக் கொடுக்க மனசு ஒப்பவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சகாயம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். கோயில் உபதேசியார் வந்து தொழுவத்தில் தீர்த்தம் தெளித்தார். தீர்த்தத்தில் உப்புப் போட்டு மந்திரிப்பது வழக்கமல்லவா, சுவரில் வழிந்ததையெல்லாம் ரங்கி ஆசையாக நக்கியது. உபதேசியார் இரண்டாம் முறை தெளிக்காமல் கிளம்பினார்.

தெரு இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்ப்பதற்கு அதிக நேரமாகவில்லை. அந்த வீட்டு மருமகளும் அப்படி, மாடும் அப்படி என்று குழாயடியில் பேசினார்கள். எந்தக் கை தண்ணீர் காட்டுகிறதோ அந்தக் கையின் குணம்தான் மாட்டுக்கு வரும் என்று ஒருத்தி சொன்னாள். சகாயம்மாள் குடம் நிரம்பும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தாள். அவளுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. தன்னிடமிருந்துதான் அது மாட்டுக்குத் தொற்றியிருக்குமோ?

மாட்டுத் தரகர் வீரமலை வந்து ரங்கியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அடுத்த மணப்பாறை சந்தைக்கு ஓட்டிப் போகிறேன் என்றார். கன்றைத் தின்ற மாட்டைப் பாலுக்கு வாங்க எவனும் வரமாட்டான், வருகிறவன் எதற்கு வாங்குவான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லாருக்கும் தெரிந்தது. அன்று சாயங்காலம் சகாயம்மாள் கணவரிடம் கெஞ்சினாள். வாயில்லாத ஜீவன், கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று கேட்டாள். அமிர்தசாமி வழக்கம்போல ஆணியிலிருந்த சட்டையை எடுத்தார். வாசல்படியில் நின்று, கடுமை இல்லாத குரலில் சொன்னார்.

"ஒரு வீட்டுல ரெண்டு வேண்டாம், சகாயம்."

மாமியார் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு அழுது தீர்த்திருந்தாள். இவர் ஒன்றும் சொன்னதில்லை என்பதை இத்தனை வருஷம் இவரது நல்ல மனசு என்று நினைத்திருந்தாள். அந்த வாக்கியத்தை அவரும் நம்பித்தான் இருந்திருக்கிறார். இது விளங்கியதும் அவளுக்கு அழுகை வரவில்லை.

மறுநாள் அவள் யாரிடமும் கேட்காமல் ரங்கியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. வழியில் ரங்கி ஒரு கட்சிப் போஸ்டரைக் கிழித்துத் தின்றது. தின்னட்டும் என்று நின்றாள்.

மாட்டு டாக்டர் ஜெகபர் அலி வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத இளைஞர். மயிரைத் தடவிப் பார்த்தார், கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளையைப் பார்த்தார், பல் ஈறைப் பார்த்தார். என்ன தீனி என்று கேட்டார். வைக்கோல், கழுநீர், தவிடு, எப்போதாவது பிண்ணாக்கு என்றாள். பச்சை உண்டா என்றார். பாலக்கரையில் பச்சைக்கு எங்கே போவது? முன்பு ஸ்ரீரங்கத்தில் தின்றதாம் என்றாள். அவள் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அவள் முகத்திலேயே பார்த்தாரோ என்னவோ, உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"பேயும் இல்ல, பாவமும் இல்லம்மா. செம்பு, கோபால்ட், துத்தநாகம்னு இதுக்குக் கடுகத்தனை கடுகத்தனை வேணும். உப்பும் பாஸ்பரஸும் இன்னும் கூடுதலா வேணும். வெறும் வைக்கோல்ல அது கிடைக்காது. தினம் பால்ல வேற கொஞ்சம் போகுது. நாம எடுத்துக்கிட்டே இருக்கோம், திருப்பி வைக்கல. அதான் சுவரு, செருப்பு, தோலுன்னு அதுவே தேடுது."

தாது உப்புக் கலவை என்று ஒரு சாம்பல் நிறத் தூளைப் பொட்டலமாகக் கொடுத்தார். தினமும் ஒரு சின்னக் கையளவு தவிட்டில் கலந்து வைக்கச் சொன்னார். பூச்சி மருந்தும் கொடுத்தார். மாறுவதற்கு இரண்டு மாதமாவது ஆகும், அவசரப்படாதீர்கள் என்றார். சகாயம்மாள் எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

"மனுஷங்களுக்கும் இப்படி வருமா, சார்?"

"வரும்மா. ரத்தத்துல இரும்பு குறைஞ்சுபோன பொம்பளைங்க, அதுவும் மாசமா இருக்கறவங்க, மண்ணு திம்பாங்க, சாம்பல் திம்பாங்க. மண்ணு தின்னதால ரத்தம் கெட்டுதுன்னு ஊர்ல சொல்வாங்க. பெரும்பாலும் தலைகீழ். ரத்தம் இல்லாததாலதான் மண்ணைத் தேடுறாங்க."

"அப்ப வயித்துல இருக்கற புள்ளைக்கு?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"நான் மாட்டு டாக்டர்மா. அதை நான் சொல்றது சரியில்ல."

திரும்பி வரும்போது அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. தின்றதால் பிள்ளை போகவில்லை, ரத்தம் இல்லாததால் தின்றாள். சரி. அந்த இல்லாததைத்தான் நர்ஸ் ஓர் உறையில் போட்டுக் கையில் கொடுத்தாளே? அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? மாமியார் சொன்னாள் என்றால் கேட்டது யார்? இதுவரை தெரியாமல் செய்த பாவம் ஒன்றுதான் அவளைத் துரத்தியது. இப்போது தெரிந்து செய்தது ஒன்றும் கூட வந்தது. ரங்கி விஷயத்திலும் அதே கதைதான். காலையும் மாலையும் கறந்தது அவள் கை, வெறும் வைக்கோலை உதறிப்போட்டதும் அவள் கை. அந்தக் கன்றை ரங்கி தின்றதா, தான் தின்னவைத்தோமா? தெருமுனையில் நின்று மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சிரு ரங்கி" என்றாள். அதைப் பார்த்தவர்கள் அவளுக்கும் பேய் பிடித்துவிட்டது என்று சொன்னார்கள்.

சந்தைக்கு முதல்நாள் வீரமலை வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையை மூடிக்கொண்டு அமிர்தசாமியின் விரலைப் பிடித்துப் பேரம் பேசத் தயாரானார். சகாயம்மாள் தொழுவத்து வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டு வேண்டாம்னா ரெண்டையும் ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள்.

அமிர்தசாமி துண்டுக்குள் கையை நீட்டவில்லை. வீரமலை அந்த முகத்தையும் இந்த முகத்தையும் பார்த்தார். குடும்பச் சண்டையில் தரகு கிடைக்காது என்பது தெரிந்த மனிதர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மாட்டுக்கு டானிக் கொடுக்கிற வீடு என்று அற்புதம்மாள் கொஞ்ச நாள் கரித்துக் கொட்டினாள். மருமகள் காதில் வாங்காமல் தவிட்டைப் பிசைந்தாள். மாதம் இரண்டு கழிந்தது. ரங்கி சுவரை விட்டது, கொடித்துணியை விட்டது. மயிர் படிந்து செம்மண் நிறம் திரும்பியது, கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளை மெல்ல மறைந்தது. ஒருநாள் காலை கமருன்னிசா வந்து பால் செம்பை நீட்டினாள். மற்றவர்களும் வந்தார்கள். நல்ல பால் என்று வாங்கிப் போகும்போதே, கன்றைத் தின்ற மாட்டுப் பால் என்றும் சொல்லிக்கொண்டார்கள். பெயர் வைப்பதற்கு ஒரு நாள் போதும், எடுப்பதற்கு ஆயுசு போதாது.

அடுத்த ஈற்றில் ரங்கி கிடாரிக்கன்று போட்டது. அது பிழைத்தது. அதை ரங்கி நக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் சகாயம்மாளின் பற்கள் தாமாக இறுகிக்கொள்ளும். மணல் போகவில்லை. மாட்டுக்குத் தூள் இருந்தது. அவளுக்கு என்ன இருந்தது?

எண்பத்து மூன்றில் அமிர்தசாமியின் தம்பிக்குக் கல்யாணமாகி டோரதி அந்த வீட்டுக்கு வந்தாள். சிரித்த முகம், எலுமிச்சை நிறம். அற்புதம்மாளுக்கு அந்த நிறத்தில் பெருமை தாங்கவில்லை. ஆறு மாதத்தில் டோரதி உண்டானாள். ஒருநாள் மத்தியானம் சகாயம்மாள் சமையலறைக்குள் போனபோது, அடுப்பின் முன்னால் குந்தியிருந்த டோரதி திடுக்கிட்டுத் திரும்பினாள். உதடெல்லாம் கரி. கையில் பாதி கடித்த கரித்துண்டு. அதே பசி, அதே வெட்கம், அந்தச் சின்ன முகத்தில்.

டோரதி அழத் தொடங்கினாள். யாரிடமும் சொல்லாதீங்க அக்கா என்றாள். சகாயம்மாள் தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்தாள். அவளது கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. கையோடு கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். மனுஷ டாக்டர் ஒருவரிடம் கேட்க வேண்டியதை அன்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டோரதிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் சாப்பாடு முடிந்து டோரதி உறையைப் பிரித்தபோது அற்புதம்மாள் பார்த்துவிட்டாள். அமிர்தசாமியும் அப்போது வீட்டில் இருந்தார். அற்புதம்மாள் எட்டி, மாத்திரைகளின்மேல் தன் கையை வைத்து மூடினாள். அவளுக்கு வயசாகியிருந்தது. சொல்லுக்கு மட்டும் வயசாகவில்லை.

"வேணாம்டி. புள்ள கருப்பாப் பொறக்கும்."

சட்டையை எடுக்க அமிர்தசாமி எழுந்தார். சகாயம்மாள் மாமியார் எதிரில் உட்கார்ந்தாள்.

"எம்புள்ள செவப்பாத்தான் இருந்துச்சு, அத்தை," என்றாள். "உதடுகூட வெள்ளையா இருந்துச்சு. நீங்கதானே துணியில சுத்துனீங்க. பாத்தீங்கல்ல."

அமிர்தசாமி நின்ற இடத்திலேயே நின்றார். அற்புதம்மாள் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டோரதி ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். சகாயம்மாள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.